29 டிகிரி தண்ணீரில் எதோடு எதைச் சேர்ப்பது

மீன் வாங்கப் போவதற்கு முன் ஒரு வெப்பமானி வாங்குங்கள். கண்ணாடியில் ஒட்டும் சாதாரணமானதே போதும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மீன் எதுவும் விடாமல், காலையில் ஒருமுறை, பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். ஆயர் ஈத்தாமில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஹீட்டர் இல்லாமலே தண்ணீர் 28-க்கும் 30-க்கும் நடுவில் நிற்கிறது. வெயில் காலத்தில் ஜன்னலை அடைத்துவிட்டு எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் 31-ஐயும் தொடும். பினாங்கில் பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான். எந்த மீனை எதோடு சேர்க்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் கடிக்குமா, சண்டை போடுமா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது இந்த எண்ணை.

இணையத்தில் பொருத்த அட்டவணைகள் நிறையக் கிடைக்கும். பச்சைக் கட்டம் என்றால் சேர்க்கலாம், சிவப்பு என்றால் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை குளிர் நாட்டில், ஹீட்டர் போட்டு 24, 25 டிகிரியில் தண்ணீரை நிறுத்தி வைப்பவர்கள் எழுதியவை. அந்த அட்டவணையில் நியான் டெட்ராவும் ஏஞ்சலும் கோரிடோராஸும் ஒரே குடும்பமாக இருக்கும். நம் வீட்டில் அதே குடும்பத்தில் நியான் முதலில் போய்விடும். நியானுக்குச் சுகமான வெப்பம் 20 முதல் 26 வரை. அதைப் போலவே நீலமும் சிவப்புமாக இருக்கும் கார்டினல் டெட்ரா 28, 29-ஐயும் தாங்கும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இருக்கும். கார்டினலுக்குச் சிவப்புப் பட்டை தலையிலிருந்து வால்வரை முழுதாக ஓடும், நியானுக்கு உடலின் பின்பாதியில்தான். விலை கொஞ்சம் கூடுதலானாலும் கார்டினலையே எடுங்கள். கோரிடோராஸிலும் அப்படித்தான்: சாதாரண வகைகள் 26-க்குக் கீழே இருக்கத்தான் விரும்பும், ஸ்டெர்பாய் என்ற புள்ளி வகை 28-ல் சுறுசுறுப்பாக இருக்கும். வைட் கிளவுட் என்று விற்கும் மீன் தென்சீனத்து மலை ஓடைகளைச் சேர்ந்தது, அதற்கு 20 டிகிரி வேண்டும். ஆக்சலாட்டில் என்று விற்கும் நீர்ப்பல்லியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், 16 முதல் 18 வரை. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்கி மின்சாரக் கட்டணமும் கட்டத் தயாராக இருந்தால் தவிர அதை ஆசைப்படாதீர்கள்.

சூட்டோடு வரும் இன்னொரு கணக்கு காற்று. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், 30-ல் 7.5 மட்டும். வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். ஆனால் அதே சூட்டில் மீனின் உடல் வேகமாக ஓடுகிறது, கூடுதலாக மூச்சு வாங்குகிறது, கூடுதலாகக் கழிக்கிறது. கழிவிலிருந்து வரும் அமோனியாவும் சூடான தண்ணீரில் கூடுதல் விஷம். ஆகவே ஏர் பம்ப் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடட்டும். சத்தம் பிடிக்கவில்லை என்று இரவில் நிறுத்துபவர்கள் உண்டு. செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் நேரம் அதுதான். சூடு 30-ஐத் தாண்டினால் தண்ணீர் மேற்பரப்பை உரசுவதுபோல ஒரு சின்ன மின்விசிறியை வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீரும் வேகமாகக் குறையும், நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும்.

நம் குழாய்த் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்புச் சத்து குறைவு. தென்னமெரிக்க மீன்களுக்கும் நம் வட்டார மீன்களுக்கும் இது தோது. கப்பி, மோலி, பிளாட்டி கடினத் தண்ணீரை விரும்புபவை, மோலி கூடுதலாகவே. அவற்றுக்காக ஃபில்டரில் ஒரு கைப்பிடி பவழச் சில்லு போட்டு வைக்கலாம். போட்டால் அதே தொட்டியில் டெட்ராவும் டிஸ்கஸும் சங்கடப்படும். மோலியையும் கார்டினலையும் ஒரே தொட்டியில் போட்டு ஆறு மாதமாக ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் சொல்வார்கள். உயிரோடு இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றாகிவிடாது. மோலி துடுப்பை உடலோடு ஒட்டி மடித்துக்கொண்டு ஒரே இடத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். (கப்பி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதில்லை. நம் லோங்காங் சாக்கடையிலேயே குடித்தனம் நடத்துகிற மீனுக்கு யார் பாடம் எடுப்பது.) பசார் மாலாம் இரவுச் சந்தையில் நன்னீர் மீன் என்று விற்கும் பச்சைப் புள்ளிப் பஃபர், வெள்ளிக்காசு போல மின்னும் மோனோ, புள்ளி போட்ட ஸ்கேட், இவை மூன்றும் கழிமுகத்து உப்புத் தண்ணீருக்கு உரியவை. அழகைப் பார்த்து மயங்கவேண்டாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் கட்சியைச் சொல்கிறேன். நம் சூட்டுக்கும் நம் தண்ணீருக்கும் பொருந்திய மீன்கள் நம் ஓடைகளிலும் சதுப்புக் காடுகளிலும் இருக்கின்றன. ஹார்லிகுவின் ரஸ்போரா: செம்புநிற உடலில் கறுப்பு முக்கோணம், வளர்ந்தாலும் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாது, தீபகற்ப மலேசியாவும் சுமத்திராவும் அதன் ஊர். கூலி லோச்: மஞ்சளும் பழுப்பும் வளையமிட்ட சின்ன விலாங்குபோல, எட்டு பத்து சென்டிமீட்டர். பேர்ல் கௌராமி: உடல் முழுக்க முத்துப் புள்ளி, ஆணுக்கு ஆரஞ்சுத் தொண்டை, பன்னிரண்டு சென்டிமீட்டர். இரண்டரை சென்டிமீட்டர்கூட வளராத புள்ளி ரஸ்போராவும் உண்டு. செடிக்கு ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன். இவை எல்லாமே உலகம் முழுக்க ஏற்றுமதியாகிப் போய் ஹீட்டரில் வாழ்கின்றன. நமக்கு ஹீட்டர் தேவையில்லை. ஆனாலும் கடைக்குள் போனால் எல்லாரும் எங்கிருந்தோ வந்த மீனைத்தான் முதலில் கை காட்டுகிறார்கள்.

வாய்

தண்ணீர் ஒத்துப்போன மீன்களில் அடுத்துப் பார்க்கவேண்டியது வாயின் அகலம். மீனின் உலகில் வாயில் அடங்குவது எல்லாம் சாப்பாடு. அதில் கெட்ட எண்ணமோ கோபமோ கிடையாது. ஏஞ்சல் மீன் பத்துக்காசு அளவில் இருக்கும்போது டெட்ராவோடு சாதுவாகச் சுற்றும். கை அகலத்துக்கு வளர்ந்த பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். "சித்தி, எண்ணிப் பார்த்தால் ரெண்டு குறையுது, செத்த மீனும் கெடைக்கல" என்று என் அக்கா மகன் ஃபோன் போட்டபோது நான் கேட்டது ஏஞ்சலின் வயிறு எப்படி இருக்கிறது என்றுதான்.

ஆகவே கடையில் பார்க்கும் அளவை மறந்துவிட்டு முழு வளர்ச்சி அளவைக் கணக்கில் எடுங்கள். ஆஸ்கார் 30 சென்டிமீட்டர். பாலா ஷார்க் 30-க்கும் மேல். கிளவுன் லோச் குட்டியாக விரல் நீளத்தில் விற்கிறார்கள், வளர்ந்தால் 25, 30 வரும், அதையும் தனியாக வைக்கக்கூடாது, கூட்டமாக வேண்டும். இவற்றுக்கு ஆறடித் தொட்டி இருந்தால்தான் பேச்சே. அரோவானா வைத்திருப்பவர்கள் அதோடு டட்னாய்டு, பெரிய பேரட் மீன், திருக்கை என்று சேர்ப்பார்கள். அதற்குத் தனி உலகம், தனிப் பணம். ஆசிய அரோவானா பாதுகாக்கப்பட்ட இனம் என்பதால் மைக்ரோசிப்பும் பத்திரமும் உள்ள பண்ணை மீனைத்தான் வாங்கவேண்டும். ஃபிளவர்ஹார்ன் நம் நாட்டிலேயே 1990-களில் கலப்பில் உருவான மீன், அந்தப் பெருமை இருந்தாலும் அதைத் தனியாக விடுங்கள். கண்ணாடிக்கு வெளியே இருக்கும் உங்கள் விரலையே துரத்துகிற மீன் அது.

வாய் சின்னதாக இருந்தும் தொல்லை தருபவை உண்டு. டைகர் பார்ப் அடுத்தவர் துடுப்பைக் கொத்தும் பழக்கம் உடையது. பத்துப் பேராக வைத்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும், மூன்றாக வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்களைத் துரத்தும். கௌராமி, ஏஞ்சல், கப்பி, சண்டை மீன் என்று நீளத் துடுப்பு உள்ள எதோடும் வேண்டாம். ஆண் சண்டை மீன் கப்பியின் வண்ண வாலைப் பார்த்துப் போட்டிக்காரன் என்று பாயும். கௌராமியும் சண்டை மீனும் ஒரே வம்சம், மேற்பரப்புக்கு வந்து காற்றை வாயால் இழுப்பவை, ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். சண்டை மீனுக்குத் துணை வேண்டுமென்றால் நாற்பது லிட்டருக்குக் குறையாத, செடி அடர்ந்த தொட்டியில் கூலி லோச் விடலாம். அதுவும் அந்த மீனின் சுபாவத்தைப் பொறுத்தது. சிலது யாரையும் பொறுக்காது.

ராத்திரி

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எனக்கு மாலை ஷிஃப்ட். வீடு வந்து சேர நள்ளிரவாகிவிடும். குளித்துச் சாப்பிட்டபின் தொட்டி முன்னால் உட்காருவேன், டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றி வைத்திருக்கிறேன். சிவப்பு வெளிச்சம் மீன்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. பகலில் பார்த்தால் எல்லாத் தொட்டியும் அமைதிப் பூங்காதான். எது எதோடு ஒத்துப்போகிறது என்று தெரிவது விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து.

பண்டாராயா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும், தொட்டியைச் சுத்தம் பண்ணும் என்று குட்டியாக விற்பார்கள். பகலில் கட்டைக்கு அடியில் கிடக்கும். பெரிதான பிறகு அதில் சிலது ராத்திரியில் தட்டை உடம்புள்ள மீன்களின் மேல், டிஸ்கஸ், ஏஞ்சல், கோல்ட்ஃபிஷ் மேல், ஒட்டி உடலில் இருக்கும் வழவழப்பை உரித்துத் தின்னப் பழகிவிடும். காலையில் அந்த மீனின் விலாவில் வெளிறிய திட்டு இருக்கும், உரிமையாளர் நோய் என்று மருந்து ஊற்றுவார். அது 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், தின்பதைவிடக் கழிப்பது கூடுதல் என்றே எனக்குத் தோன்றும். பாசிக்கு ஆள் வேண்டுமென்றால் மூக்கில் மீசை முளைத்த பிரிஸ்ட்டில்நோஸ் வகை வாங்குங்கள், 12, 13 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். சின்னத் தொட்டிக்கு நெரைட் நத்தையே போதும். நன்னீரில் அது பெருகாது, கட்டையில் வெள்ளை எள்ளு மாதிரி முட்டை ஒட்டி வைக்கும், அது ஒன்றுதான் குறை.

நீல நிறத்தில் அழகாக விற்கும் கிரேஃபிஷ் இன்னொரு ராத்திரி ஆசாமி. ஆஸ்திரேலியாவின் ரெட்கிளா இனம். பகலில் குழாய்க்குள் மீசையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். இரவில் மீன் தரையோடு ஓய்ந்து நிற்கும்போது இடுக்கி பிடித்துவிடும். கடைக்காரர் "போலே சம்பூர், தாக் காடோ" என்று, சேர்க்கலாம் சண்டை போடாது என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அவர் சொன்னது கடைத் தொட்டியில் இருக்கும் அந்தச் சில நாளுக்கு உண்மையாக இருக்கலாம்.

இரவில் கவனிக்கவேண்டியவை: மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடும் மீன் (காற்று போதவில்லை), ஒரு மூலையில் ஃபில்டருக்குப் பின்னால் பதுங்கும் மீன் (யாரோ விரட்டுகிறார்கள்), ஒரே இடத்தைக் காவல் காத்துத் திரும்பத் திரும்பப் பாயும் மீன். கடைசியாகச் சொன்னதைப் பிடித்து ஒரு வாரம் வேறு வாளியில் வைத்து, தொட்டியில் கட்டை, கல் எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்கி, பிறகு விடுங்கள். பழைய எல்லை காணாமல் போனதும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆமை, இறால், கோல்ட்ஃபிஷ்

மீன் தொட்டியில் ஆமை வேண்டாம். சிவப்புக் காது ஆமையைக் காசு அளவில் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து விற்பார்கள், பெண் ஆமை 25, 30 சென்டிமீட்டர் வளரும். மீனைத் துரத்திக் கடிக்கும், பிடிக்க முடியாவிட்டால் துடுப்பைக் கிழிக்கும். அதற்கு ஏறி உட்கார்ந்து உடம்பைக் காய வைக்க மேடு வேண்டும், புற ஊதா விளக்கு வேண்டும், கழிவைத் தாங்கப் பெரிய ஃபில்டர் வேண்டும். சால்மொனெல்லா கிருமியும் அதனிடமிருந்து பரவக்கூடும், தொட்ட குழந்தை சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். ஆமை பிடிக்கும் என்றால் கெக் லோக் சி கோயிலின் ஆமைக்குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

செர்ரி இறால் நம் சூட்டில் கஷ்டப்படும், 26-க்குக் கீழே மகிழ்ச்சி, 30-ல் ஒவ்வொன்றாக விழும். மின்விசிறி வைத்து 27, 28-ல் நிறுத்த முடிந்தால் புள்ளி ரஸ்போராவோடு விடலாம். குட்டி இறாலை எந்த மீனும் தின்னும், பாசிக்கொத்து அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் தப்பும். கௌராமி இருக்கும் தொட்டியில் எதிர்பார்க்க வேண்டாம்.

கோல்ட்ஃபிஷ் விஷயத்தில் ஒரு சங்கடம். குளிர்நீர் மீன் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், ஆனால் ஈப்போப் பக்கம் பண்ணைகளில் நம் வெயிலிலேயே வளர்க்கிறார்கள். நம் ஊரில் பிறந்த கோல்ட்ஃபிஷ் 28-ல் வாழும். அதை மற்ற மீன்களோடு சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்வது வேறு காரணத்துக்காக: சளைக்காமல் தின்று சளைக்காமல் கழிக்கும், அந்த அழுக்குக்கு ஈடுகொடுக்க மற்றவர்களால் முடியாது. குண்டு உடம்புக்காரர்கள் நீந்துவதிலும் மெதுவு, சுறுசுறுப்பான மீன்கள் அவர்கள் பங்குச் சாப்பாட்டையும் வாங்கிக்கொண்டு வாலையும் கொத்தும். கோல்ட்ஃபிஷுக்குக் கோல்ட்ஃபிஷ்தான் துணை.

மூன்றடித் தொட்டிக்கு ஒரு குடித்தனம்

90க்கு 45க்கு 45 சென்டிமீட்டர் தொட்டி, 180 லிட்டர் சொச்சம். கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 220 கிலோவைத் தாண்டும். அடுக்குமாடி வீட்டில் சுவரோரமாக வையுங்கள், வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம்.

தரைக்கு மெல்லிய மணல். கூர்மையான சரளைக்கல்லில் கூலி லோச் மூக்கை நுழைக்க முடியாது, மீசை தேய்ந்துபோகும். வேர்க்கட்டையில் ஜாவா ஃபெர்னை நூலால் கட்டுங்கள், அதன் கிழங்கை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கிரிப்டோகோரைனை மணலிலேயே நடலாம். அகன்ற இலை வகையாக இருந்தால் ஹார்லிகுவின் அதன் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் திரும்பி முட்டை ஒட்டுவதைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கும்.

பிறகு காத்திருக்கவேண்டும். மீன் விடாத தொட்டியில் துளி உணவு போட்டு, அமோனியாவைத் தின்னும் கிருமிகளும் அது மாறி வரும் நைட்ரைட்டைத் தின்னும் கிருமிகளும் ஃபில்டர் பஞ்சில் குடியேறும்வரை நான்கு முதல் ஆறு வாரம். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து பழைய பஞ்சு ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வைத்தால் அதில் பாதிக் காலத்தில் முடியும். கடைப் பஞ்சு வேண்டாம், நோயும் கூடவே வரும். சொட்டு மருந்து சோதனைப் பெட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி நைட்ரேட் ஏற ஆரம்பித்தால் தொட்டி தயார்.

விடும் வரிசை முக்கியம். கூச்சக்காரர்கள் முதலில்: கூலி லோச் ஏழெட்டு. அவை தரையைத் தங்கள் இடம் என்று பழகிக்கொள்ளட்டும். ஃபில்டர் உறிஞ்சும் வாயில் பஞ்சு மாட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே புகுந்துவிடும், மூடியில் சின்ன ஓட்டை இருந்தாலும் வெளியே வந்துவிடும். இரண்டு வாரம் கழித்து ஹார்லிகுவின் பன்னிரண்டு. இது நடு அடுக்கு. ஆறுக்குக் கீழே போனால் கூட்டமாக நீந்தாது, மூலையில் ஒளியும், நிறம் மங்கும். இடத்தை மிச்சம் பிடிக்க நான்கு வகையில் மூன்று மூன்று வாங்குவதைவிட ஒரே வகையில் பன்னிரண்டு வாங்குவது கண்ணுக்கும் நல்லது, மீனுக்கும் நல்லது. இன்னும் இரண்டு வாரம் போனபின் பேர்ல் கௌராமி, ஓர் ஆணும் இரண்டு பெண்ணும். மேல் அடுக்கு அவர்களுடையது. இடம் பிடிக்கும் சுபாவம் கௌராமிக்குத்தான் உண்டு, அதனால்தான் கடைசி. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள், அவை இழுக்கும் காற்று ஈரமாக இருக்கவேண்டும்.

இதற்குமேல் ஒன்றும் சேர்க்காதீர்கள். இடம் காலியாகத்தான் தெரியும்.

இரண்டடித் தொட்டி என்றால் கௌராமியை விட்டுவிட்டு ஹார்லிகுவின் எட்டு, கூலி லோச் ஆறு. டிஸ்கஸ் ஆசைப்படுபவர்களுக்கு: நம் பினாங்கு டிஸ்கஸ் பண்ணைகளுக்குப் பேர் போன ஊர், நல்ல மீன் கிடைக்கும், 28 முதல் 30 அதற்கு இஷ்டமான சூடு. கார்டினல் டெட்ரா, ரம்மிநோஸ், ஸ்டெர்பாய் கோரிடோராஸ் துணைக்கு நன்றாக இருக்கும். ஏஞ்சலை மட்டும் அதோடு விடாதீர்கள், சாப்பாட்டைப் பறித்துக்கொள்ளும். நான்கடித் தொட்டியும், வாரத்தில் பலமுறை தண்ணீர் மாற்றும் பொறுமையும் இருந்தால் இறங்கலாம்.

புது மீனைப் பிரித்து வைப்பது

இருபது லிட்டர் வாளி ஒன்று, ஸ்பஞ்ச் ஃபில்டர் ஒன்று. அந்த ஸ்பஞ்சைப் பெரிய தொட்டியிலேயே எப்போதும் ஓட விடுங்கள், தேவைப்படும்போது எடுத்து வாளியில் போடலாம். வாங்கிவந்த மீன் பையைக் கால் மணி நேரம் வாளியில் மிதக்கவிட்டு, பிறகு அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாளித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, மீனை வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும். இரண்டு முதல் நான்கு வாரம் அங்கேயே இருக்கட்டும்.

இதைச் செய்ய இன்னொரு காரணம், பல இனம் கலந்த தொட்டியில் மருந்து ஊற்றுவது பெரிய தலைவலி. செப்புக் கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். கூலி லோச்சுக்குச் செதில் பெயரளவுக்குத்தான், மருந்தும் உப்பும் அதற்குச் சீக்கிரம் ஏறும், பாதி அளவில்தான் ஆரம்பிக்கவேண்டும். ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம். வெண்புள்ளி நோயை வாளியிலேயே பிடித்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

சாப்பாடு

கலப்புத் தொட்டியில் பசியால் மெலிபவர்கள் எப்போதும் தரைவாசிகள். மேலே தூவும் உணவு அவர்கள் வாய்க்கு வந்து சேர்வதே இல்லை. மேலே இருப்பவர்களுக்குச் சிறிது தூவி, விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, மூழ்கும் குளிகையை இரண்டு மூன்று இடத்தில் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் பலசாலி ஒருவர் மேலே படுத்துக்கொள்வார்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போக உறவுக்காரர்கள் வந்து தங்கும் வீடாக இருந்தால் உணவு டப்பாவை ஒளித்து வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் "ஆன்ட்டி, நான் மட்டும் ஒரு தடவை" என்று ஆளுக்கொரு சிட்டிகை போட்டால் சாயங்காலத்துக்குள் தண்ணீர் மோர் நிறத்துக்கு வந்துவிடும். வார மாத்திரைப் பெட்டி ஒன்றில் அன்றன்றைய அளவைப் பிரித்து வைத்து அதை மட்டும் கொடுப்பது நல்ல வழி.

தண்ணீர் வெட்டும் மின்வெட்டும்

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுவது சாதாரண நாள் கணக்கு. குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. கடைகளில் கண்ணாடிக் கற்கண்டு போல விற்கும் ஆன்டி குளோரின், சோடியம் தயோசல்ஃபேட், போட்டால் சில நிமிடத்தில் போய்விடும். ஒரு நாள் திறந்து வைத்தாலும் குளோரின் ஆவியாகும். ஆனால் தண்ணீரில் குளோரமின் இருந்தால் அது அப்படிப் போகாது, மருந்துதான் நம்பகம்.

2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகப் பினாங்கில் தண்ணீரை நாள்கணக்கில் நிறுத்தினார்கள். அந்த மாதிரி நேரத்துக்கு வழி இது: அறிவிப்பு வந்ததும் முன்தினமே தொட்டியில் கால் பங்கு மாற்றிவிடுங்கள், ஒரு தொம்பில் தண்ணீர் பிடித்து மருந்து போட்டு மூடி வையுங்கள், நிறுத்தம் முடியும்வரை உணவை நிறுத்துங்கள். ஆரோக்கியமான பெரிய மீன் சில நாள் பட்டினியில் ஒன்றும் ஆகாது. உணவு போகாவிட்டால் அமோனியா குறைவாகத்தான் வரும், தண்ணீர் மாற்றும் தேவையும் தள்ளிப்போகும். குழாய் திரும்பி வந்த உடனே அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். கலங்கல் தெளியட்டும், கழிவறைக்கும் தரை கழுவவும் அது போகட்டும், மறுநாள் பிடித்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்து இடி மின்னலில் சுவிட்ச் விழுந்து யாரும் இல்லாத வீட்டில் மணிக்கணக்கில் ஃபில்டர் நின்றுபோவதும் உண்டு. மின்சாரம் போனால் தானே ஓட ஆரம்பிக்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று மாட்டி வையுங்கள். மூடிய டப்பா ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே போட்டுவிடக் கூடாது, உள்ளே கிருமிகள் காற்றில்லாமல் செத்து நாற்றம் பிடித்திருக்கும். திறந்து, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பிறகு ஓடவிடுங்கள்.

ஒத்துப்போகாத மீனை என்ன செய்வது

எவ்வளவு பார்த்துச் சேர்த்தாலும் ஒன்று முரண்டு பிடிக்கும். அதை வாளிக்கு மாற்றிவிட்டு, வாங்கிய கடையில் கேளுங்கள். ஜெலுத்தோங் பக்கம் நான் போகும் கடையில் பணம் தரமாட்டார்கள், மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு பாக்கெட் உணவு கொடுப்பார்கள். வாங்கும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஆற்றிலும் அணையிலும் கால்வாயிலும் மட்டும் விடாதீர்கள். சிலாங்கூரில் கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் பண்டாராயா மீனால் நிறைந்து, வலை போட்டால் அதுவே ஏறுகிறது. யாரோ வீட்டுத் தொட்டியில் இடம் பத்தாமல் கொண்டுபோய்க் கொட்டியதும் அதில் அடக்கம். கடைக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அக்கம்பக்கத்தில் பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். அவரிடம் கொடுக்கும்போது மீனின் பெயர், எத்தனை மாதம் வைத்திருந்தீர்கள், எதைக் கடித்தது, எதைத் தின்றது என்று ஒரு தாளில் எழுதிப் பையோடு கொடுத்துவிடுங்கள்.